ஐம்பத்தெட்டும் அறுபதும்

வெல்மா கோலாரிக்கின் கடைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, அதன்மேல் இரண்டு வெள்ளி டாலர்களை வைப்பாள். இரண்டும் ஒரே வருடம், ஒரே நாணயச்சாலையில் அடித்தவை. ஒன்றில் சுதந்திர தேவியின் கன்னம் வழவழவென்று இருக்கும். காசைச் சற்றுச் சாய்த்தால் ஒளி அதன்மேல் சக்கரமாகச் சுற்றி வரும். இன்னொன்றில் அதே கன்னம் பூனை பிராண்டிய மாதிரி கீறிக் கிடக்கும், நெற்றியில் ஒரு வெட்டு, கழுத்தில் இரண்டு. இதில் எது கைபடாத காசு என்று கேட்பாள். வந்தவர் தயங்காமல் அழகான காசைக் காட்டுவார்.

"அது நாலு பேர் பாக்கெட்டுல இருந்துட்டு வந்தது. இந்த மூஞ்சி கிழிஞ்சுபோனதுதான் ஒருத்தர் கையிலயும் படாதது" என்பாள் வெல்மா. அவளுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் டாலர்களை அடித்ததும் துணிப்பைகளில் கொட்டிக் கட்டி, வண்டியில் ஏற்றி, இறக்கி, எறிந்து, இழுத்து, பெட்டகத்தில் அடுக்கினார்கள். பைக்குள்ளேயே காசும் காசும் மோதி முகத்தைக் கிழித்துக்கொண்டன. ஒரு ரொட்டிகூட வாங்கித் தராத காசுக்கு உடம்பெல்லாம் காயம். வேறொரு காசு முதல் வாரமே வெளியே வந்து, யாரோ ஒரு குதிரைக்காரனின் சட்டைப்பையில் கொஞ்சநாள் இருந்து, பிறகு அவன் மனைவியின் அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். மேடான இடங்களில் மட்டும், கன்ன எலும்பிலும் காதுக்கு மேலே கூந்தலிலும் பின்பக்கம் கழுகின் மார்பிலும், ஒரு மூச்சு பட்டாற்போல் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். அவ்வளவுதான் தேய்மானம். அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

காசு சேர்க்கிறவர்கள் எழுபதுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அறுபதும் அதற்கு மேலும் கைபடாதவை. ஐம்பத்தெட்டு என்பது வாசல்படிக்கு வெளியே நிற்பது. எண்ணில் வித்தியாசம் இரண்டு, விலையில் சில காசுகளுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் நாடு முழுக்க வியாபாரிகள் அழகான ஐம்பத்தெட்டுகளைப் பிடித்து வாசலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவனும் கேட்கமாட்டான், ஏனென்றால் விற்கும்போது அவனும் அப்படியேதான் சொல்லப்போகிறான். நெப்ராஸ்கா மாநிலத்தில், எனக்குத் தெரிந்து, ஐம்பத்தெட்டை ஐம்பத்தெட்டு என்றே அட்டையில் எழுதி விற்றவள் ஓட்டோ க்ரீக் ஊரின் வெல்மா ஒருத்திதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. என் பெயர் ராய்ஸ். தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுவது என் வேலையாக இருந்தது. நான் சேர்ப்பது தேய்ந்து மொட்டையான ஒரு சென்ட் காசுகளை மட்டும். அவற்றை வைத்து யாரும் சண்டை போடமுடியாது, அதனாலேயே எனக்கு அவை பிடிக்கும். எங்கள் ஊர் நாணய சங்கத்தில் இருந்த மற்றவர்களைப் போல ஒரு கீறலுக்காக இரவுத் தூக்கத்தை விடுகிற ஆள் நான் இல்லை.

வெல்மா கல்யாணத்துக்கு முன்பு வங்கியில் காசாளராக இருந்தாள். பணப்பைகளில் வெள்ளி டாலர்கள் இன்னும் வந்துகொண்டிருந்த காலம் அது. பிடித்ததைத் தன் சம்பளத்தில் மாற்றி எடுத்துவைத்துக்கொள்வாள். பிறகு துணி துவைக்கும் இயந்திரம் பழுதுபார்க்கும் கிளாரன்ஸைக் கட்டிக்கொண்டாள். அவன் கடையின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவளுடைய காசுகள் வந்து உட்கார்ந்தன. கிளாரன்ஸ் மாரடைப்பில் போனபின் இயந்திரங்கள் போயின, காசுகள் கடை முழுக்கப் பரவின. பிள்ளைகள் இல்லை. சர்ச் விருந்துக்கு வருடாவருடம் அதே முட்டைக்கோஸ் சாலட்டைக் கொண்டுவருவாள், அது பாதிக்குமேல் மிஞ்சும், கவலைப்படமாட்டாள்.

ஊரில் அவளை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொன்னால் பொய். இறந்துபோன அப்பாவின் காசுகளைத் தூக்கிக்கொண்டு லிங்கன் நகரத்திலிருந்து வந்த ஒருவனிடம், உங்கப்பா ஏமாந்திருக்கார், பாதி ஐம்பத்தெட்டு என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். எங்கள் சங்கத் தலைவன் மெர்ல் ஒருமுறை தன் டாலரைக் காட்டி இதற்கு ஒரு அறுபத்திரண்டு வராதா என்று குழைந்தான். "மெர்ல், உனக்குக் கண்ணு மூஞ்சியில இல்ல, பர்ஸுக்குள்ள இருக்கு" என்றாள். அவன் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் தனக்கென்று வைத்திருந்த இழுப்பறையில் இருந்ததெல்லாம் ஐம்பத்தெட்டுகள்தான். கஞ்சம் என்றார்கள். நான் காரணம் கேட்டேன். "அறுபதுக்குப் பேர் இருக்கு ராய்ஸ். இதுக்கு முகம் இருக்கு" என்றாள். பிறகு, முகம் இருக்கிறது என்பதற்காகப் பேரை மாற்றி எழுதினால் அது திருட்டு என்றும் சொன்னாள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அவள் வாழ்க்கை முழுக்க இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

எல்டன் யூர்கன்ஸும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஊருக்கு வடக்கே சோளமும் மாடுகளும் வைத்திருந்தான். பேசுவதற்கு முன் இரண்டுமுறை தொண்டையைச் செருமுகிற ஆள். 1959ஆம் வருடம் அறுவடை நன்றாக வந்தது. அந்தப் பணத்தில் அவன் வெல்மாவிடம் வாங்கியது கார்சன் சிட்டியில் அடித்த 1890ஆம் வருட டாலர். வெல்மா காசு விற்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு அட்டையில் கைபடாதது என்று எழுதிக்கொடுத்தாள். எல்டனுடைய தொகுப்பில் முதல் கைபடாத காசு அதுதான். அதற்குப் பிறகு கைபடாததைத் தவிர வேறெதையும் அவன் வாங்கவில்லை.

அவன் மனைவி ஆர்டித்துக்குக் காசில் ஆர்வமே கிடையாது. ஆனால் இந்த ஒரு காசின் முகம் மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அது நன்றாக அழுத்தமாக அடிக்கப்பட்ட காசு, வாயோரம் ஒரு சுழிப்பு தெரியும். "இவளப் பாருங்க, யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க, இவ நம்பல" என்று எங்களிடம் காட்டிச் சிரிப்பாள். வீட்டில் அந்தக் காசுக்கே நம்பாதவள் என்று பெயர் வந்துவிட்டது.

எல்டன் தன் காசுகளை எங்கள் எல்லோரையும்போல ஆல்பத்தில் வைத்திருந்தான். தடித்த அட்டையில் வட்ட வட்டமாகத் துளைகள், துளைக்கு ஒரு காசு. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னும் பின்னும் நீளமான கண்ணாடித் தாள், இழுப்பறையை இழுக்கிற மாதிரி பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும், தள்ளினால் மூடிக்கொள்ளும். நாற்பது வருடம் இந்த நாட்டில் காசு சேர்த்த பாதிப்பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஆர்டித் கடைசி இரண்டு குளிர்காலங்கள் படுக்கையில் இருந்தாள். இதயம் பலவீனம். மாடி ஏறமுடியாது என்பதால் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். எண்பத்தைந்து மார்ச்சில் போய்விட்டாள். எல்டன் கொஞ்சகாலம் ஊருக்குள் வரவில்லை. பிறகு வந்தான், முன்பைவிடக் குறைவாகப் பேசினான்.

இதற்கு நடுவே காசு உலகத்தில் ஒரு புதுப்பழக்கம் வந்தது. தூரத்து நிறுவனங்களுக்குக் காசை அனுப்பினால், அவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்கமுடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அதற்குப் பின் வாதம் இல்லை, பெட்டிமேல் இருப்பதுதான் தீர்ப்பு. எண்பத்தெட்டில் எங்கள் ஊர் நூலகத்தில் எல்டனுடைய தொகுப்பைக் கண்ணாடி அலமாரியில் வைப்பது என்று சங்கத்தில் முடிவானது. யூர்கன்ஸ் தொகுப்பு, முழுவதும் கைபடாதவை என்று பலகைகூட எழுதியாகிவிட்டது. அனுப்பித்தான் பாரேன், அத்தாட்சியாக இருக்கும் என்று மெர்ல் அவனைத் தூண்டினான். எல்டனும் எல்லாவற்றையும் அனுப்பினான்.

திரும்பி வந்த பெட்டிகளை ஜனவரிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தான். எங்கள் கூட்டம் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கும். நீள மேசையில் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். அறுபத்துமூன்று, அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு. கார்சன் சிட்டி டாலருக்கு வந்ததும் மெர்ல் அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். ஐம்பத்தெட்டு.

அது யார் விற்ற காசு என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. வெல்மா காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைத் திட்டினால் அது கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும். திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது வேறு. அவளே வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தாள். இந்த டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் சொல்லமுடியாது என்று வைத்துவிட்டுப் போனாள். அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அது சாக்குப்போல் கேட்டது.

அதற்கப்புறம் நடந்தது எதையும் யாரும் நடத்தினார்கள் என்று சொல்லமுடியாது. எல்டன் சனிக்கிழமைகளில் கடைக்கு வருவதை நிறுத்தினான். அவன் வரவில்லை என்றதும் இன்னும் இரண்டு பேர் வரவில்லை. அவளிடம் வாங்கிய காசுகளைச் சிலர் சத்தமில்லாமல் அனுப்பிப் பார்த்தார்கள். அவள் எழுதின எண்ணேதான் பெரும்பாலும் திரும்பி வந்தது, ஆனால் அதைப் போய் அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு எல்டன்மேல் எரிச்சலாக வந்தது. முப்பது வருடம் ஒருத்தி கடையில் காப்பி குடித்தவன் நேரே போய்க் கேட்டிருக்கலாம்.

நான் போய்ப் பார்த்தபோது வெல்மா மேசை விளக்கடியில் தன் பழைய காசுகளையெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். சாப்பிட வாங்கிவந்திருந்த முட்டைக்கோஸ்-இறைச்சி பன் பொட்டலம் பிரிக்காமலே ஆறியிருந்தது. வியாபாரம் போய்விட்டதே என்று ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அம்பத்தொம்பதுல எனக்கு என்ன தெரியும், ராய்ஸ்? அன்னிக்கு நான் தப்பா எழுதியிருந்தா, இத்தனை வருஷமா நான் எல்லாருக்கும் சொன்னதெல்லாம் என்னது? அந்த லிங்கன்காரன்கிட்ட உங்கப்பா ஏமாந்தார்னு சொன்னேனே. எந்த வாயால சொன்னேன்?"

அவளுக்குப் போனது வாடிக்கையாளர்கள் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளிடம் இருந்ததே அந்த ஒரு கண்தான். அதை அவளே நம்பமுடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காசைப் பிளாஸ்டிக்குக்கு வெளியே, நல்ல விளக்கில், ஒரே ஒருமுறை பார்த்தாகவேண்டும் என்றாள். அவள் கார் குளிரில் கிளம்ப மறுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் லாரியில் ஏற்றிக்கொண்டு எல்டன் வீட்டுக்குப் போனேன். மடியில் மேசை விளக்கை வைத்துக்கொண்டு வந்தாள்.

எல்டன் கதவைத் திறந்தான். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வாங்க, குளிரா இருக்கு என்றான். காப்பி ஊற்றி, கடையில் வாங்கிய இலவங்கப்பட்டை ரோலை மூன்று தட்டில் வைத்தான். மாட்டு விலை பேசினோம், பனி பேசினோம். எங்கள் ஊரில் அதைப் பேசாமல் எதையும் ஆரம்பிக்கமுடியாது. பிறகு வெல்மா பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள், கூடவே ஒரு குறடும் துண்டும் கேட்டாள்.

"உடைச்சா மறுபடி மூட முடியாது, வெல்மா."

"மூட வேணாம். நான் வித்தேன், நான் பாக்கணும்."

அவன் தொண்டையைச் செருமினான். பிறகு குறடைத் தானே எடுத்துவந்து, பெட்டியைத் துண்டில் சுற்றி, மூலையில் அழுத்தி உடைத்தான். வெல்மா விளக்கைப் பொருத்தி, காசை ஓரத்தில் பிடித்து எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். காசை மெதுவாகச் சாய்ப்பாள், நிறுத்துவாள், திருப்புவாள். ஒருகட்டத்தில் அவள் தோள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். இந்தக் காசு இருந்த ஆல்பம் எங்கே என்று கேட்டாள்.

எல்டன் முன்னறையிலிருந்து அதை எடுத்துவந்தான். வெல்மா கார்சன் சிட்டி வரிசைக்கு மேலிருந்த கண்ணாடித் தாளை உருவி விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு பக்கத்து வரிசையின் தாளை உருவிப் பிடித்தாள். அது தெளிவாக இருந்தது. முதல் தாள் ஒரு இடத்தில் பட்டையாக மங்கிப்போயிருந்தது. எனக்கே தெரிந்தது.

சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தால் தேய்மானம் எல்லாப் பக்கமும் போகும் என்று விளக்கினாள். இந்தக் கன்னத்தில் இருப்பதெல்லாம் ஒரே திசையில் ஓடுகிற, முடியைவிட மெல்லிய கோடுகள். காசைத் துளைக்குள் ஆழமாக அழுத்தாவிட்டால் தாள் ஒவ்வொருமுறை நகரும்போதும் கன்னத்தை உரசிக்கொண்டுதான் போகும். முப்பது நாற்பது தடவை இழுத்தால் இவ்வளவு வராது.

"கண்டபடி இழுத்திருக்காங்க. நீயா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை, கூட்டத்துக்கு. அவ்வளவுதான்" என்றான் எல்டன். ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆர்டித் படுக்கையில் இருந்தபோது அந்த ஆல்பம் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்ததாகச் சொன்னான். அவள்தான் அங்கே வைக்கச் சொன்னாளாம். சாயங்காலம் அவன் தொழுவத்திலிருந்து வந்து பார்க்கும்போது சில நாள் தாள் பாதி இழுத்தபடி இருக்குமாம். தள்ளி மூடிவிடுவானாம்.

இந்த இடத்தில் வேறு எந்த மனுஷியாக இருந்தாலும் வாயை மூடியிருப்பாள். என் தப்புத்தான் எல்டன், அன்றைக்குக் கவனிக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். நான் மேசைக்கடியில் அவள் காலை இடித்தேன். வெல்மாவுக்கு அதெல்லாம் உறைக்காது.

"அப்ப சரியாப் போச்சு. நான் விக்கும்போது அது கைபடாததுதான். ஆர்டித்துதான் அதை அம்பத்தெட்டாக்கினா" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பல வாரமாகத் தூங்காதவள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வந்தது. அவள் நிறுத்தவும் இல்லை. தன் கைப்பையைத் திறந்து வேறொரு டாலரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே கார்சன் சிட்டி, அதே வருடம், முகமெல்லாம் கீறல். இது அறுபது, பெரிய அழகி இல்லை, ஆனால் கைபடாதது, இதைத் துளையில் வைத்துக்கொள், நூலகத்துப் பலகையை மாற்றவேண்டாம், எனக்கு நீ ஒன்றும் தரவேண்டாம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

எல்டன் அந்தக் காசைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கன்னத்துக் கோடுகளை எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினாள். தெரியுதா என்றாள். தெரியுது என்றான். நெடுநேரம் குனிந்தே இருந்தான்.

"அவ தூங்குறான்னு நினைச்சேன்" என்றான்.

பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தான்.

"மாத்திரை போட்டா அவ பகல் பூரா தூங்குவான்னு டாக்டர் சொன்னாரு. நான் உள்ள வந்து எழுப்பிடக் கூடாதேன்னு தொழுவத்துலயே இருந்தேன். மதியச் சாப்பாட்டைக்கூட அங்கயே கொண்டுபோயிடுவேன். ரெண்டு குளிர்காலமும் அப்படித்தான். அவ முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கா."

வெல்மா அறுபதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எல்டன் எழுந்து கழுவுதொட்டிப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கொஞ்சநேரம் கழித்து நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டோம். சாலை வழுக்கும், பார்த்து ஓட்டு என்று திரும்பாமலே சொன்னான்.

திரும்பி வரும்போது ஊர்த் தண்ணீர்த்தொட்டி தெரியும் இடத்தில், நான் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா என்றாள் வெல்மா. ஆமாம் என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடை வாசலில் இறக்கிவிட்டபோதும் குட்பை சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தானுடைய பெயர் உன்னால் கெட்டதென்றால், எங்கே கெட்டதோ அதே இடத்தில் எழுந்து நின்று நீதான் அதைச் சரிசெய்யவேண்டும். வேறு ஆள் மூலமாகச் சொல்லியனுப்ப முடியாது. பிப்ரவரிக் கூட்டத்தில் காப்பி முடிந்ததும் எல்டன் எழுந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. அடித்தளத்தில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

வெல்மா விற்ற கார்சன் சிட்டி டாலர் விற்கும்போது நல்ல காசுதான் என்றான். அவள் வீட்டுக்கு வந்து பார்த்தாள் என்றான். அது பிறகு தேய்ந்தது என்றான். அதுவரை சரியாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினான். வீட்டில் என்று ஆரம்பித்தான். மறுபடியும் வீட்டில் என்றான்.

"வீட்டுல என்ன, எல்டன்?" என்று மெர்ல் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் விடமாட்டான். வெல்மா பேரைக் காப்பாற்ற எல்டன் ஏதோ கதை கட்டுகிறான் என்று அவன் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. வீட்டில் இருந்த காசு எப்படித் தேயும் என்று இன்னொருவரும் கேட்டார். எல்டன் தொப்பியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றான். சொல்லாமல் உட்காரக்கூடாது என்று நின்றான். ஆனால் அதை அந்த மேசை முன்னால், அத்தனை பேர் காப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருக்க, அவனால் சொல்லமுடியாது.

பின்வரிசையிலிருந்து வெல்மா எழுந்தாள்.

"நான்தான் தப்பாப் பாத்தேன். அம்பத்தொம்பதுல எனக்குக் கண்ணு பத்தல. அம்பத்தெட்டைக் கைபடாததுன்னு எழுதிக் குடுத்துட்டேன். வயசானவளாச்சேன்னு அவன் என்னைத் தாங்கப் பாக்குறான். உக்காரு, எல்டன்."

எல்டன் அவளைப் பார்த்தான். உக்காரு என்று மறுபடியும் சொன்னாள். அவன் உட்கார்ந்தான்.

தப்பு எல்லோருக்கும் நடப்பதுதான் என்று மெர்ல் பெருந்தன்மையாகச் சொன்னான். இத்தனை வருடம் கழித்தாவது ஒப்புக்கொண்டது பெரிய விஷயம் என்றும் சொன்னான். நான் வாயைத் திறந்தேன். வெல்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். காப்பியைக் குடித்தேன்.

நூலகத்தில் தொகுப்பு வைத்தார்கள். கார்சன் சிட்டி 1890க்கான இடத்தை எல்டன் காலியாக விட்டிருந்தான். வெல்மாமேல் அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று ஊரில் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவள் கடையில் காசு வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் தங்கள் பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொருமுறை பார்ப்பது வழக்கமாயிற்று. முன்பு அப்படிச் செய்ய ஒருவனுக்கும் துணிச்சல் இருந்ததில்லை. அவள் காத்திருப்பாள். அவளுடைய எண் சரியாக இருந்ததற்காக யாரும் பாராட்டவில்லை, தவறு என்று ஒருமுறைகூட யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆறு வருடம் கழித்து அவள் இறந்தபோது மெர்ல் சர்ச்சில் பேசினான். கண் சில சமயம் தவறினாலும் மனசு தங்கம் என்றான். நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பிப்ரவரிக் கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். காலையில் எல்டன் கடைக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். வெல்மா காப்பி ஊற்றினாள். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் ஒரு சென்ட் காசுகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். மதியம் ஆயிற்று. மாடு வைத்திருக்கிறவன் அந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவான்.

"மாடெல்லாம் காத்துக்கிட்டிருக்கும். கிளம்பு" என்றாள் வெல்மா.

"பக்கத்து வீட்டுப் பையன் பாத்துக்குவான்" என்றான் எல்டன்.

எனக்குத் தெரிந்து அவன் தன் மாடுகளை வேறொருவனிடம் விட்டது அதுதான் முதல்தடவை. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அவள் கடையைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தான்.